வால் முடியாத தேள்

மலாயாவில் குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கங்காணி அய்யாவுக்கு அன்று வாயெல்லாம் பல். தோட்டத்து ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டர், பழைய அறுவைக் கத்திகளையும், போத்தல்களில் ஊறிய மனித உறுப்புகளையும் ஓர் அறையில் அடுக்கி, கூலிகளும் வந்து பார்க்கட்டும் என்று தைப்பூசத்துக்கு மறுநாள் கதவைத் திறந்துவிட்டிருந்தார். ஜனங்களை வரிசையில் ஓட்டிப்போனது அய்யாவுதான். அதுவரை அந்த அறைக்குள் அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

வரிசையில் வந்த கருப்பாயிக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. புருஷன் வீரமுத்து காணாமல் போய்ப் பத்து மாதம். கங்காணி பெண்களைப் பிரம்பால் விளாசுவதைத் துரையிடம் சொல்லப் போனவன் திரும்பவில்லை. "எவளோடயோ சிங்கப்பூருக்கு ஓடிட்டான். நான்தான் ரயிலேத்தி விட்டேன்" என்று அய்யாவு கூலிகள் குடியிருந்த லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். அவளும் நம்பினாள். தினமும் அவனை மண்ணள்ளித் தூற்றினாள்.

மூன்றாவது போத்தலில், முழங்கையோடு அறுத்த ஒரு கை. வெளிறிய தோலில் பச்சை குத்திய தேள். வால் பாதியில் நின்றது. நாகப்பட்டணத்து முகாமில் குறத்தி குத்திக்கொண்டிருந்தபோதே கப்பலுக்கு மணியடித்துவிட்டது. வாலை முடிக்கவிடாமல் வீரமுத்துவை இழுத்துக்கொண்டு ஓடியவள் கருப்பாயிதான்.

"டிரெஸ்ஸரய்யா, இது யாரு கை?"

மேசையருகே நின்ற டாக்டரின் உதவியாள், டிரெஸ்ஸர் சபாபதி, சாதாரணமாகச் சொன்னார்: "ஆத்துல ஒதுங்கின பொணம்மா. கழுத்துல பாராங் கத்தி வெட்டு. நம்ம தோட்டத்துல ஆளு யாரும் குறையலன்னு கங்காணி சொல்லிட்டாரு. ஒடம்பப் பொதச்சிட்டு டாக்டர் பச்சை குத்தின கைய மட்டும் வச்சிக்கிட்டாரு."

இந்த வாயாலா அவனைத் தூற்றினோம்?

"ரயிலேத்தி விட்டீங்களே, கங்காணி?"

அய்யாவு போத்தலைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. "அலமாக்! ஊருல தேளு குத்தினவன் ஒருத்தன்தானா? நடடி நாயே!" என்று பிரம்பை ஓங்கினார்.

சுவரில் மாட்டியிருந்த நீளக் கத்தி அவள் கைக்கு வந்தது. முதல் வீச்சில் பிரம்போடு மூன்று விரல்கள் தரையில் விழுந்தன. அவர் அலறிக்கொண்டு அலமாரியோடு சரிந்தார். கண்ணாடி நொறுங்கி முதுகில் ஏறியது. அவள் அவர் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, பிரம்பு பிடித்த கையை மணிக்கட்டில் வெட்டினாள். கத்தி எலும்பில் இடித்தது. மறுபடி வெட்டினாள். தடுக்க அறை நிறைய ஆள் இருந்தது. ஆனால் அவர் பிரம்பு படாத முதுகு ஒன்றுகூட இல்லை. யாரும் அசையவில்லை.

ரத்தம் சொட்டும் கையைக் கொண்டுவந்து சபாபதியின் மேசையில் வைத்தாள்.

"என் புருஷன் கையக் குடுங்க, கொள்ளி வைக்கணும். அந்தப் போத்தல்ல இதப் போடுங்க. யாரோடதுன்னு பேரு மட்டும் எழுதிடுங்க."