வாலு என்று எழுதிய குடுவை

அந்த ஆராய்ச்சியாளருக்குக் கொசு என்று பெயர் வைத்தது மெக்கானிக்கின் மகள். ஆறு வயதில் ரத்தப் புற்றுநோய் வார்டையே ஆட்டிவைத்த குழந்தை. ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுக்க இவள் வந்து நின்றாலே, "கொசு வந்துடுச்சு, விரட்டுங்க!" என்று கத்துவாள். ஆராய்ச்சியாளரும் லேசுப்பட்டவள் இல்லை, பதிலுக்கு "வாலு" என்று பெயர் வைத்தாள். இரண்டு பெயர்களும் நிலைத்துவிட்டன. குழந்தைதான் நிலைக்கவில்லை.

அவள் போய் நான்கு மாதம். அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த எலும்பு மஜ்ஜையிலிருந்து பிரித்த புற்றணுக்கள் மட்டும் மாடி லேபில் உயிரோடு இருந்தன. உறைய வைத்திருந்தவை எல்லாம் வெளியே எடுத்ததும் செத்துப்போயின. மிச்சம் ஒரே ஒரு குடுவை. கீழே வார்டில், ஐந்தாம் நம்பர் கட்டிலில் கிடந்த நாலு வயசுக் குழந்தைக்கும் அதே நோய், எந்த மருந்துக்கும் மசியாத அதே ரகம். மூன்று புது மருந்துகளில் எது இந்த அணுக்களைச் சாகடிக்கிறது என்று பார்த்துத்தான் அவளுக்கு எதைக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். மறுநாள் காலை பத்து மணிக்குச் சோதனை.

லேப்காரர்கள் அணுக்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால், ஏதோ செல்லப்பிராணி வளர்க்கிறார்கள் என்று தோன்றும். பசிக்கிறது என்பார்கள், கோபமாக இருக்கிறது என்பார்கள். நம்பர் எழுத வேண்டிய லேபிளில் கொசு ஆசையாக "வாலு" என்று எழுதி ஒட்டியிருந்தாள். அன்பினால் செய்ததுதான். அன்பினால் செய்தால் மடத்தனம் மடத்தனம் இல்லாமல் போய்விடுமா என்ன?

முந்தின நாள் காலை பதினொரு மணிக்கு மெக்கானிக் வந்தார். மகள் சாப்பிட்டு மீந்த மாத்திரைகளை, வேறு குழந்தைக்கு ஆகுமே என்று ஒரு பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். வார்டில் மாடிக்குப் போகச் சொன்னார்கள். லேப் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே டெக்னீஷியன் பேசிக்கொண்டிருந்தான்.

"வாலு நல்லா கொழுத்துட்டா மேடம். ரெண்டே நாள்ல ரெண்டு மடங்கு. பசில இருக்கா, சாப்பாடு மாத்திடறேன்."

"மாத்து, மாத்து. நாளைக்குப் பத்து மணிக்கு அவளைக் கொன்னாகணும்" என்று சிரித்தாள் கொசு.

கதவு சுவரில் போய் மோதியது.

"யாரைடி கொல்லப் போறே?"

மாத்திரைகள் தரையெங்கும் சிதறின. கேஸ் சிலிண்டரைத் திருகுவதற்காகச் சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர் அவர் கைக்கு வந்தது. லாரி எஞ்சினைப் பிரித்துப் போடுகிற கை அது. முதல் அடியில் மைக்ராஸ்கோப் இரண்டாகப் போனது. அடுத்த அடியில் அலமாரிக் கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. தடுக்க வந்த டெக்னீஷியனின் தோளில் மூன்றாவது அடி விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் கொசுவுக்கே கேட்டது. அவன் மேசைக்கு அடியில் சுருண்டு விழுந்து அலறினான்.

அப்போதுதான் மேசைமேல் இருந்த குடுவையும் அதில் ஒட்டியிருந்த பெயரும் மெக்கானிக்கின் கண்ணில் பட்டன. மகளின் உயிரைத்தான் இவர்கள் இதில் அடைத்துவைத்து வதைக்கிறார்கள், உடைத்துப் போட்டால் அவளுக்கு விடுதலை என்று தோன்றியது அவருக்கு.

கொசு குறுக்கே பாய்ந்தாள். புறங்கையால் ஓர் அறை. உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். முடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் தள்ளினார். அவளுக்கும் கண்மண் தெரியவில்லை. இரும்பு ஸ்டூலைத் தூக்கி அவர் தலையில் ஓங்கி அடித்தாள். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. பெற்ற மகளைப் பறிகொடுத்த மனுஷனை அடிக்கிறாள், எதற்கு? அந்த மகளைத் தின்ற நோயைக் காப்பாற்ற. ஆனாலும் ஸ்டூலைக் கீழே வைக்கவில்லை.

காதோரம் ரத்தம் வழிய அவர் குடுவையை எடுத்துவிட்டார். தலைக்குமேல் ஓங்கினார்.

"போடாதீங்கண்ணே! அது வாலு இல்ல! வாலுவைக் கொன்னதே அதுதான்!"

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"அதைத்தான் நாளைக்குக் கொல்லணும். எந்த மருந்துல சாகுதுன்னு தெரிஞ்சாத்தான் அஞ்சாம் நம்பர் கட்டில் பாப்பாவைக் காப்பாத்த முடியும். இது போச்சுன்னா வேற இல்லண்ணே."

"அப்போ இதுக்கு எதுக்கு என் பொண்ணு பேரு?"

கொசுவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"தப்புதாண்ணே" என்றாள்.

அவர் உடைந்த கண்ணாடிமேலேயே உட்கார்ந்தார். கட்டைவிரல் நகத்தால் லேபிளை மெதுவாகச் சுரண்டினார். கிழியாமல் வந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குடுவையை மேசைமேல் ஒரு சொட்டுச் சிந்தாமல் வைத்தார்.

போலீஸ் வேண்டாம் என்று முதலில் சொன்னது தோள் முறிந்த டெக்னீஷியன்தான். வினையை இழுத்துவிட்டது தன் வாய்தான் என்று அவனுக்குத் தெரியும்.

மறுநாள் பத்து மணிக்கு, தலையில் ஆறு தையலோடு மெக்கானிக் வந்து நின்றார். குடுவையில் இப்போது வெறும் நம்பர். பக்கத்து லேபில் இரவல் வாங்கிய மைக்ராஸ்கோப்பில் கொசு அவருக்குக் காட்டினாள்.

"இத்தனூண்டா?" என்றார்.

"இத்தனூண்டுதான்."

வீங்கிய உதட்டைக் கடித்துக்கொண்டு, அவள் முதல் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு வலிக்குமா?"

"வலிக்காதுண்ணே."

"வலிக்கணும்" என்றார் அவர்.