பன்னிரண்டு வார்த்தைகள்

ஞாயிற்றுக்கிழமையைக் கடவுள் தூங்குவதற்காகவே படைத்தார் என்று நம்புகிறவள் நான். மற்ற ஆறு நாளும் விடியுமுன் எழுந்து, எங்கள் ஊரான தம்போயில் பஸ் ஏறி, எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று, சிங்கப்பூர் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று, மறுபடி பாலத்தில் நின்று வீடு திரும்புகிறவளுக்கு வேறு என்ன நம்பிக்கை இருக்க முடியும்? ஆனாலும் அந்த ஞாயிறு நானும் என் வீட்டுக்காரர் வீரமுத்துவும் பாலோவுக்குக் கிளம்பினோம். அங்கே இருக்கும் என் தங்கை லோஷினி போன் செய்திருந்தாள்.

"அக்கா, நீ வந்து கேட்டாதான் அவரு குடுப்பாரு. மாமாவையும் கூட்டிட்டு வா."

அவள் புருஷன் குணாளன் கொடுக்க வேண்டியது அவளுடைய சொந்தப் பணத்தை. குளுவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் வேலை செய்தாள். அதை மூடியபோது கையில் ஒரு தொகை கொடுத்து அனுப்பினார்கள். "பேங்குல சும்மா தூங்குது" என்று சொல்லி, குணாளன் அதை அப்படியே டிஜிட்டல் காசாக மாற்றிவிட்டான். இப்போது பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக் கேன்டீனை எடுத்து நடத்த அவளுக்கு வாய்ப்பு வந்திருந்தது. மறுநாள் முன்பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். நாற்பது தாண்டியவளுக்கு இன்னொரு வேலை யார் கொடுப்பார்கள்?

குணாளன் கெட்டவன் இல்லை. செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. குடி கிடையாது, கை நீட்ட மாட்டான். வாய் ஒன்றுதான். இரண்டு வருஷமாக நாங்கள் எப்போது போனாலும் சோற்றில் கை வைக்குமுன் இந்த டிஜிட்டல் காயின் பேச்சைத் தொடங்கிவிடுவான். வீரமுத்து தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். வாரம் முழுக்க யாரோடும் பேசாமல் ஓட்டுவதாலோ என்னவோ, இவன் வாயைக் கிளறுவதில் அவருக்கு ஒரு சுகம். அன்றைக்கும் நண்டுக் குழம்பு நடுவில் இருக்க, இரண்டு பேரும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"அண்ணே, நீங்க ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு வாங்குனாகூட பேங்க்காரனுக்குத் தெரியும். எந்தக் கட, எவ்ளோ, எத்தன மணிக்கு. ஒங்க வாழ்க்கையே அவன் கையில. காயின்ல அப்படி இல்ல. யாரும் எட்டிப் பாக்க முடியாது. ஃபுல் பிரைவேட்."

"பாத்துட்டுப் போறான்லா. என் கணக்கப் பாத்தா அவனுக்கே அழுகதான் வரும்" என்றார் வீரமுத்து. "அது கெடக்கட்டும். ஒன் காயினக் கொண்டுபோய் நீட்டுனா பசார்ல மீன் குடுப்பானா?"

"கொஞ்ச காலம் பொறுங்க. எல்லாரும் மாறிடுவாங்க."

"போன மழையில போன் லைன் போச்சு. கடக்காரன் போனத் தலைக்கு மேல தூக்கிட்டு நிக்கிறான். நான் ரொட்டி சானாய் தின்னுட்டுப் போன்ல காசு கட்ட முடியாம ஒக்காந்திருக்கேன். கடசியில ஒங்க அக்காதான் பையில சில்லறை பொறுக்கி என்ன மீட்டுச்சு."

"அது லைன் கோளாறு அண்ணே. காசு கோளாறு இல்ல."

"பசிக்கிறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

எனக்குக் கண் சொருகியது. ரகசியமான காசாம். என் கைப்பையின் உள் ஜிப்பைக் கேட்டால் அது சொல்லும், ரகசியம் என்றால் என்னவென்று. ஓவர்டைம் செய்த மாதமெல்லாம் கொஞ்சம் எடுத்து அதில் போட்டு வருகிறேன். என்றைக்காவது வேலையை விட்டுவிட்டுச் சில மாதம் வீட்டில் படுத்துத் தூங்க வேண்டும், அதற்காக. அந்த ஜிப்பைப் பற்றி பேங்குக்கும் தெரியாது, வீரமுத்துவுக்கும் தெரியாது.

"நீங்க என்னக்கா சொல்றீங்க?" என்று குணாளன் என் பக்கம் திரும்பினான்.

"எனக்குத் தூக்கம் வருது தம்பி. லோஷினி காசக் குடுங்க, நாங்க கெளம்பணும்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

"குடுக்கிறேன்கா. ஒங்க முன்னாடியே தெறந்து, வித்து, அவ கணக்குல போட்டுக் காட்டணும்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். போன வாரம் என் பழைய போன் குளிக்கிற தொட்டியில விழுந்து செத்துப்போச்சு. நேத்துத்தான் புதுசு வாங்குனேன்."

"அலமாக்! அப்ப காசும் போச்சா?" என்றார் வீரமுத்து.

"அதான்ணே காயினோட பெருமையே. போன் போனாலும் காசு போவாது. பன்னெண்டு வார்த்தை குடுத்திருக்காங்க. அத வரிசையா புதுப் போன்ல போட்டா எல்லாம் திரும்பி வந்துரும்."

"அந்த வார்த்தை லோஷினிக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"யாருக்கும் தெரியாது. பொண்டாட்டிக்குக்கூடச் சொல்லக் கூடாது. அதான் மொத ரூல்."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த லோஷினியின் கை நின்றது. பிறகு மறுபடி ஊற்றினாள்.

"ஏன், அவ காச அவளே திருடிருவாளா?" என்றேன். எனக்குக் கோபம் ஏறிக்கொண்டிருந்தது.

"அப்படி இல்லக்கா. வாய் தவறி வெளிய சொல்லிட்டா? நான் ஒரு எடத்துல எழுதி வெச்சிருக்கேன். திருடன் வந்தாகூடத் தொட மாட்டான்."

கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொண்டு, சாமி மேடைக்குப் போனான். ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நடுவில் இருந்த முருகன் படத்தை மெல்லக் கழற்றினான். படத்தைக் கவிழ்த்து, பின்னால் இருந்த அட்டையை நகத்தால் நெம்பி எடுத்தான். உள்ளே ஒன்றும் இல்லை. படத்தை உதறிப் பார்த்தான். மேடைக்கு அடியில் குனிந்து பார்த்தான். மறுபடி உதறினான்.

"லோஷினி, இது நம்ம படந்தான?"

"நம்ம படந்தாங்க. புதுசு. வெள்ளத்துல சாமான் தூக்குறப்ப விழுந்து பழைய படத்துல கண்ணாடி விரிசல் விட்டுருச்சு. மாசியிலயே மாத்திட்டேனே. தெனம் அதுக்கு முன்னாடி நின்னுதான கும்புடுறீங்க?"

தினமும் கும்பிடுகிறான்தான். கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுகிறவன்.

"பழசு எங்க?" படத்தை மேடையில் வைத்துவிட்டுக் கேட்டான்.

எங்கே இருக்கும்? விரிசல் விட்ட சாமி படத்தை வீட்டில் வைக்கக் கூடாது. குப்பையில் போட யாருக்கும் மனசு வராது. கோயில் அரசமரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். நம் வீடுகளில் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்த வழக்கம் இது. இந்த மனுஷன் இருந்திருந்து அந்த வார்த்தைகளை ஒளித்து வைக்கச் சாமி படத்தைத்தான் கண்டுபிடித்தான்.

நாலு பேரும் காரில் ஏறி மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். வழியெல்லாம் லோஷினி முந்தானை நூலைப் பிய்த்துக்கொண்டே வந்தாள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சின்னத்தம்பி மரத்தடியைக் கூட்டிக்கொண்டிருந்தார். அங்கே ஏழெட்டுப் படங்கள்தான் இருந்தன.

"வெள்ளத்துக்கு அப்புறம் ஊரே இங்க கொண்டாந்து வெச்சிருச்சு. மல மாதிரி சேர்ந்து, பாம்பு அடைய ஆரம்பிச்சிருச்சு. பங்குனியிலயே லாரி புடிச்சு எல்லாத்தையும் ஆத்துல விட்டுட்டோம்" என்றார்.

"எந்த எடத்துல விட்டீங்க?"

"எந்த எடமா இருந்தா என்ன தம்பி? சாமி இந்நேரம் கடலுக்கே போய்ச் சேர்ந்திருக்கும்."

குணாளன் நம்பவில்லை. மண்ணில் முட்டி போட்டு, மிச்சம் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினான். பிள்ளையார், லட்சுமி, யார் வீட்டிலோ மாட்டியிருந்த வேறொரு முருகன். அந்த முருகனின் பின் அட்டையையும் நெம்பிப் பார்த்தான். கன்னத்தில் ஓங்கி ஒன்று விட வேண்டும் என்று எனக்கு வந்த ஆத்திரம், அதைப் பார்த்ததும் பாதியாகிவிட்டது. பாவமாகவும் இருந்தது. அவன் மேல் பாவப்பட வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாகவும் இருந்தது.

"பன்னெண்டுல எத்தன ஞாபகம் இருக்கு?" என்று கேட்டார் வீரமுத்து.

"மூணு."

வீரமுத்து அவன் தோளில் கை வைத்தார். "ஒன் காசு பிரைவேட்டுத்தான் குணா. நான் ஒத்துக்கிறேன். இப்ப ஒனக்கே தெரியாது." கிண்டலாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார்.

லோஷினி மரத்து மேடையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் பேச்சும் ஒன்றாக வந்தன.

"மஞ்சத்துணியில சுத்தி, சூடம் கொளுத்தி, மன்னிச்சுக்கோ முருகான்னு சொல்லி வெச்சுட்டு வந்தேன்கா. என் பதினெட்டு வருசத்த நானே இங்க கொண்டாந்து வெச்சிருக்கேன். அதுல இருக்குன்னு இவரு என்கிட்ட ஒரு தடவ சொல்லியிருந்தா, அந்த அட்டையப் பிரிக்காமலா விடுவேன்?"

குணாளன் நெம்பிய அட்டையை அந்த முருகனின் பின்னால் மறுபடி செருகிக்கொண்டிருந்தான். 

எனக்கு அப்படியே அந்த மேடையில் சாய்ந்து தூங்கிவிட வேண்டும் போல் இருந்தது. உடம்பு அவ்வளவு கனத்தது. என் தங்கைக்காக மனசு எரிந்தது. மறுநாள் முன்பணம், அதற்கு மேல் சாமான், பாத்திரம், கேஸ். எல்லாம் யோசித்துவிட்டுக் கைப்பையைத் திறந்தேன். உள் ஜிப்பை இழுத்தேன். வீரமுத்துவின் கண் எதிரேதான். நான் வேலையை விட்டுப் படுத்துத் தூங்கப்போகும் மாதங்களை எல்லாம் ஒன்றாகச் சுருட்டி, லோஷினியின் கையில் திணித்து, விரல்களை மூடினேன். எவ்வளவு என்று இங்கேயும் எழுதப்போவதில்லை.

"அக்கா, இது ஒன் காசு."

"பொறந்த வீட்டுச் சீருன்னு வெச்சுக்கோ. நாளைக்குக் காலையில மொத ஆளாப் போய்க் கட்டு. மனசு கேக்கலன்னா அப்புறம் கொஞ்சங் கொஞ்சமாக் குடு."

வீரமுத்து என் பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கார்ச் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நல்ல மனுஷன். தம்போய் போய்ச் சேருமுன் கேட்காமல் இருக்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

லோஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பணத்தை முந்தானை நுனியில் முடிந்து இடுப்பில் செருகினாள். குணாளன் முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தான். அவள் இடுப்பையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அக்கா எவ்ளோ குடுத்தாங்க லோஷினி?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

"அது பிரைவேட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் கார்ப் பக்கம் நடந்தாள்.