தொரையின் குளியல் தண்ணீர்

அன்று காலை பெத்தம்மாள் தலையில் ஏறிய குடத்தில் இருந்தது சேறு. தெரிந்தே மொண்ட சேறு.

ரெம்பியாவுக்குப் பக்கத்தில், கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்தில் ஏழு வருஷமாக அவளுக்கு ஒரே வேலைதான். குன்றின் மேற்குக் காட்டுக்குள் இருக்கும் ஊற்றில் தண்ணீர் எடுத்து, பங்களாவில் வெள்ளைக்காரத் தொரையின் குளியல் தொட்டியை நிரப்ப வேண்டும். தினம் பன்னிரண்டு குடம். அந்த ஊற்று பங்களாவுக்கு மட்டும் என்பது தோட்டத்துச் சட்டம். கூலிகளின் வரிசை வீடுகளான லயத்துக் குடும்பங்களுக்குக் கிழக்கு அடிவாரத்துக் கிணறு.

இரண்டு வருஷத்துக்கு முன், கித்தா விலை எகிறிய ஜோரில், குன்றின் கிழக்குப் பாதிக் காட்டை வெட்டி எரித்துக் கன்று நட்டார்கள். அப்போது பெத்தம்மாளுக்குச் சந்தோஷம்தான், மறைப்பானேன்? முதல் வருஷம் கிணற்றில் தண்ணீர் முன்னைவிட உயர்ந்து நின்றது. "இத்தன நாளா நம்ம தண்ணிய அந்த மரங்கதான் குடிச்சிருக்கு" என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தவளே அவள்தான். முனியாண்டிக்குச் சேவல் அறுத்தவளும் அவள்தான். மரம் தண்ணீர் குடிப்பது பொய்யில்லை. ஆனால் குடிக்கிற மரம்தான் மழையைப் பிடித்து மண்ணுக்குள் இறக்கியும் வைக்கிறது. அது யாருக்கும் அப்போது உறைக்கவில்லை.

உறைத்தது அடுத்த வருஷம். கன்றுக்கடியில் ஒரு புல் நிற்கக் கூடாது என்று தொரை உத்தரவு. பெண்கள் கொத்திச் சுரண்டிச் சுரண்டிக் குன்று மொட்டையாகிப்போனது. மழையின் குணமும் மாறியிருந்தது. முன்பெல்லாம் மூன்று நாள் நின்று பெய்யும். இப்போது மாதக்கணக்கில் வெயில், அப்புறம் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். கொட்டியதெல்லாம் மண்ணை வாரிக்கொண்டு ஓடியது. கிணற்றில் மிஞ்சியது குழம்பு. அதைக் குடித்த முனியாயியின் கைக்குழந்தைக்கு ஆறு நாளாக வயிற்றுப்போக்கு. அடுத்த அறைதான்; அந்த முனகலைக் கேட்டுக் கேட்டுப் பெத்தம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த லட்சணத்தில்தான் முந்தின நாள் விடியற்காலைப் பெரட்டில், பேர் கூப்பிட்டு முடித்ததும், கணக்கெழுதும் கெராணி குலம் புது உத்தரவை வாசித்தார். திங்கட்கிழமை மேற்குக் காட்டையும் வெட்ட ஆள் வருகிறதாம்.

"அதையும் வெட்டிப்புட்டா குடிக்கிறதுக்கு எங்கய்யா போறது?" என்றாள் பெத்தம்மாள்.

குலம் யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டவரில்லை. ஆபீசுக்குப் பின்னால் மழை அளக்கும் செப்புப் பாத்திரம் வைத்து, நாள் தவறாமல் அளந்து நோட்டில் எழுதுகிறவர்.

"போன வருசமும் எண்பது அங்குலம், இந்த வருசமும் எண்பது அங்குலம். மழை குறையேல்லை. கிணறு வத்தினதுக்குக் காடு என்ன செய்யும்?"

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவருக்கு யார் சொல்வது? பெத்தம்மாள்தான் சொன்னாள். "ஒங்க பாத்திரத்துக்கு அடி இருக்குங்க, பிடிச்சு வச்சுக்குது. மொட்டக் குன்னுல எது பிடிக்கும்?"

கங்காணி ரங்கசாமி அவளை அதட்டி வரிசைக்குள் தள்ளினான். பேச்சு அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

மறுநாள் காலை அவள் மேற்கே போகவில்லை. லயத்துக் கிணற்றில் பன்னிரண்டு குடம் மொண்டு, தொரையின் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினாள். நிரப்பிவிட்டு ஓடவுமில்லை, பின்வாசலிலேயே நின்றாள்.

தொரை துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். தோளெல்லாம் செம்மண்.

"என்னா தண்ணி இது?" அவருக்குத் தோட்டத் தமிழ் நன்றாக வரும். கங்காணிகளிடம் கற்றதால் மரியாதை மட்டும் வராது.

"லயத்துத் தண்ணி தொரை. நாங்க குடிக்கிறது."

"நீ பழைய எடத்துக்குப் போ. நல்ல தண்ணி கொண்டா."

"இன்னிக்குக் கொண்டாரலாம் தொரை, நாளைக்கும் கொண்டாரலாம். அந்த எடத்தத்தான் திங்கக்கெழம வெட்டச் சொல்லியிருக்கீங்க. கெழக்க வெட்டுனதுல வந்த தண்ணிதான் இப்ப ஒங்க மேல ஒழுகுது."

அவளுக்குப் பயமில்லாமல் இல்லை. ஆனாலும் தலை குனியவில்லை. தொரை மேற்குப் பக்கம் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பிறகு "வெளியே போ" என்று கத்தினார்.

அவள் நேரே மேற்கு ஊற்றுக்குப் போய் ஒரு குடம் தெளிந்த தண்ணீர் எடுத்து, பட்டப்பகலில், கங்காணியின் கண்ணெதிரே தூக்கி வந்து முனியாயி வீட்டில் இறக்கினாள். அதைப் பார்த்த பெண்கள் ஒவ்வொருத்தியாகக் குடத்தை எடுத்தார்கள். ரங்கசாமி வழியை விட்டு ஒதுங்கினான். அவன் வீட்டிலும் அதே சேறுதான்.

மத்தியானம் குலம் லயத்துக்கு வந்தார். கையில் வேலை நீக்கத்துக்குக் காரணம் எழுதிக் கைநாட்டு வாங்கும் காகிதமும் மைப்பெட்டியும்.

"மேற்குக் காட்டைத் தொட வேண்டாமாம். தொரை சொல்லிப்போட்டார். உன்னைப் பின்னேரத்துக்குள்ள வெளியேறச் சொல்லியும் சொல்லிப்போட்டார்." குரலைத் தாழ்த்தினார். "தெரியாமல் ஊத்திப்போட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. நான் அப்பிடியே எழுதி, உன்ரை வேலையைக் காப்பாத்தித் தாறன்."

பெத்தம்மாள் யோசிக்காமல் இல்லை. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அந்த அறையை விட்டால் சுங்கை ரம்பாய்ப் பக்கம் போய் யார் வாசலிலாவது வேலை கேட்டு நிற்க வேண்டும்.

"தெரியாம ஊத்துனேன்னா அந்தச் சேறு என் தப்பாயிருமுங்க ஐயா. நாளைக்கு மறுபடியும் கோடாலியத் தூக்குவாங்க. தெரிஞ்சுதான் ஊத்துனேன்னு எழுதுங்க."

குலம் காகிதத்தை விரித்தார். பிறகு தயங்கித் தயங்கி எழுதினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. வாசிங்க."

வாசித்தார். "பெத்தம்மாள் என்பவள் லயத்துக் கிணற்றுத் தண்ணீரைத் தெரிந்தே பங்களாத் தொட்டியில் ஊற்றினாள்."

"கெழக்குக் காட்ட வெட்டுனதாலதான் அந்தத் தண்ணி அப்புடி ஆச்சுன்னு அதுல இல்லையே. அதையும் போடுங்க."

அதையும் போட்டார். இன்னொரு தரம் முழுக்க வாசிக்க வைத்துக் கேட்டுவிட்டு, பெத்தம்மாள் பெருவிரலை மையில் ஒற்றி, காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தினாள்.