ஒரு அம்புக்குறி குறைவு

என் கணவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. ஊரார் பார்வையை எல்லாம் சரிசெய்கிற மனிதர் ஒரு அம்புக்குறியைக் கோட்டைவிட்டார். என் நாவல் போயே போய்விட்டது.

நான் கம்ப்யூட்டர் சர்வர்களைக் கட்டி மேய்க்கிறவள். கதை எழுதுவதும் அதே கறுப்புத் திரையில்தான், விம் என்கிற எடிட்டரில். மவுஸ் கிடையாது, எல்லாம் கட்டளை. இவரும் ஆசைப்பட்டாரே என்று போன வாரம் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தேன். கேட் என்று அடித்தால் கோப்பு முழுவதையும் திரையில் கொட்டும். லெஸ் என்றால் பக்கம் பக்கமாகப் படிக்கலாம். எக்கோ போட்டு இரண்டு அம்புக்குறி வைத்தால் கோப்பின் கடைசியில் ஒரு வரி சேரும். ஒன்று மட்டும் வைத்தால், இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு அந்த வரி மட்டும் உட்காரும்.

பதிப்பாளருக்கு அன்று சாயங்காலம் நாவலை அனுப்பியாக வேண்டும். குளித்துவிட்டு வந்து கேட் அடித்தேன். ஒரே ஒரு வரி வந்தது.

'இதை எழுதினது என் பெண்டாட்டி. ரொம்ப நல்லா இருக்கு.'

மறுபடி அடித்துப் பார்த்தேன். அதே ஒற்றை வரி.

"என்னங்க! எத்தனை அம்புக்குறி போட்டீங்க?"

காபி டம்ளரோடு வந்தார். "ஒண்ணு. ஏம்மா, பத்தாதா?"

நகல் இல்லையா என்று கேட்காதீர்கள். ஆபீஸ் சர்வருக்கெல்லாம் எடுக்கிறேன், வீட்டுக்கு எடுக்கவில்லை. அந்தப் பேச்சே வேண்டாம்.

பக்கத்து விண்டோவில் விம்மை மூடாமல் வைத்திருந்தது அப்போதுதான் நினைவு வந்தது. அதற்குள் நாவல் முழுசாக இருந்தது. அங்கே போனதும் அது கேட்டது: கோப்பு வெளியே மாறிவிட்டது, புதியதை ஏற்றட்டுமா?

"புதுசுதானே, ஏத்திடு," என்று விரலை நீட்டினார்.

பட்டென்று கையைத் தட்டிவிட்டேன். ஏற்றியிருந்தால் அங்கேயும் அந்த ஒற்றை வரிதான் மிஞ்சும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சேமிக்கக் கட்டளை கொடுத்தேன். மாறிய கோப்பின் மேலேயே எழுதவா என்று மறுபடி கேட்டது. எழுதித் தொலை என்றேன். திரும்பக் கேட் அடித்தபோது அத்தியாயங்கள் மளமளவென்று ஓடின. எனக்கு மூச்சு வந்தது.

"நல்லா இருக்குன்னு வாயால சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

"படிச்சு அழுதுட்டேன். நேர்ல சொல்ல வெட்கமா இருந்துச்சு."

"நீங்க? படிச்சீங்க?"

"நீ வேலைக்குப் போனப்புறம். லெஸ்ல, தினமும் கொஞ்சம்."

நான் நம்பவில்லை. "எங்க அழுதீங்க, காட்டுங்க பார்ப்போம்."

லெஸ்ஸைத் திறந்தார். தேடுவதற்கு ஒரு சாய்கோடு போட்டு, தட்டுத்தடுமாறி 'செருப்பு' என்று அடித்தார். தேடிய வரி திரையின் உச்சியில் வந்து நின்றது. தாய் இறந்த வீட்டில், யாரும் பார்க்காதபோது மகள் அவள் செருப்பைப் போட்டுப் பார்க்கிற இடம்.

"இது அத்தை செருப்புதானே?" என்றார்.

அம்மா போன பிறகு நான் அப்படிச் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை. அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். நாவலை மறுநாள்தான் அனுப்பினேன்.