ஆளுக்குப் பத்துத் தவளை

விலங்கியல் ஆசிரியர் சுந்தரராமன் பொழிச்சலூரில் வீடு கட்டிக் குடியேறிய வருடம் அடைமழை. பக்கத்துக் காலி மனையில் தண்ணீர் தேங்கி, அந்தி சாய்ந்தால் தவளைகள் தொண்டை கிழியக் கத்தின. பரீட்சைத் தாள் திருத்த முடியவில்லை என்று எரிந்து விழுந்தார்.

"கத்திட்டுப் போகட்டுமே, நம்மள என்ன பண்ணுது?" என்றாள் மனைவி ரமா.

அவரா விடுவார்? ப்ளஸ் டூ மாணவர்கள் செய்முறை வகுப்பில் அறுக்க ஆளுக்கு ஒரு தவளை போதும். ஆளுக்குப் பத்து, அதுவும் அந்த மனையிலிருந்தே பிடித்து வந்தால்தான் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து என்று சொல்லிவிட்டார். நாற்பது மாணவர்கள். நான்கே நாளில் மனை ஊமையானது.

"இன்னா சார், நாப்பதுதான அறுத்தீங்க? மிச்சமெல்லாம் உசுரோட கீது," என்றார் ஆய்வுக்கூட உதவியாளர் குப்புராஜ்.

"குழி தோண்டிப் புதைச்சுடுப்பா."

அடுத்த மழைக்கும் அங்கே தண்ணீர் தேங்கியது. இந்த முறை கொசுதான் அப்பிக்கொண்டு வந்தது. ரமாவுக்கு மலேரியா கண்டு மூளைக்கு ஏறியது. ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் சுந்தரராமன் அரையாண்டுத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் ஆசைப்பட்ட அமைதி வீடு முழுக்கக் கிடந்தது.

'தவளைகள் அழிந்தால் என்ன ஆகும்?' அவரே கேட்டிருந்த கேள்வி. ஒரு மாணவன் எழுதியிருந்தான்: 'கொசுக்கள் பெருகும். மனிதர்கள் சாவார்கள்.'

இரண்டாவது வாக்கியம் பாடப்புத்தகத்தில் இல்லை. சிவப்பு மையால் அதை அடித்துவிட்டு, ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தார்.