முப்பது டிகிரிக் கயிறு

பிளஸ் டூ கணக்குப் பரீட்சையில் எனக்குத் தொண்ணூற்றெட்டு. புத்தகத்தில் இருந்த கணக்குகளை எண்கள் உட்பட வரிக்கு வரி உருப்போட்டு வாங்கிய மார்க். எங்கள் பள்ளியில் எல்லாரும் அப்படித்தான் வாங்கினோம். காலேஜிலும் அதுவே போதும் என்று நினைத்துத்தான் பெரம்பலூருக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினேன்.

லெப்பைக்குடிக்காட்டிலிருந்து மெக்கானிக்கல் சேர்ந்த பெண் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். சவுதியில், தம்மாமில் வேலை பார்க்கும் என் அத்தாவுக்கு மகள் இதில் சேர்வதில் துளியும் விருப்பமில்லை. “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த இரும்படிக்கிற படிப்பு? பி.காம் சேரு ஆஃப்ரா” என்றார் போனில். இரண்டு நாள் சோற்றைத் தொடாமல் படுத்து அந்தச் சண்டையில் ஜெயித்தேன்.

முதல் இன்டர்னல் டெஸ்டுக்கு சீனியர்கள் கொடுத்த கொஸ்டின் பேங்க்கை நானும் கீதாஞ்சலியும் கரைத்துக் குடித்தோம். கீழப்பழுவூர்க்காரியான அவள் ஹாஸ்டலில் என் அறைத்தோழி. உருப்போடுவதில் எனக்குச் சளைத்தவள் அல்ல. மெக்கானிக்ஸ் தாளில் எங்களுக்குத் தெரிந்த கணக்கே வந்திருந்தது: இரண்டு கயிற்றில் ஒரு விளக்கு தொங்குகிறது, எந்தக் கயிற்றில் எவ்வளவு இழுவிசை? கடகடவென்று எழுதிவிட்டு முதல் ஆளாக வெளியே வந்தேன்.

தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது குருநாதன் சார் என்னுடையதை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். “கேள்வியில தொங்குறது நானூறு நியூட்டன். ஆஃப்ரா அறுநூறத் தொங்க விட்டுருக்கு. மீதி இருநூறு எங்கேர்ந்தும்மா வந்துச்சு?”

வகுப்பே சிரித்தது. கொஸ்டின் பேங்க்கில் அறுநூறு. மற்றவர்கள் எண்ணை மாற்றிப் போட்டிருந்தார்கள், நான் கேள்வியைப் படிக்கவே இல்லை. ஐம்பதுக்கு ஒன்பது மார்க். மார்க்கைப் பெற்றோர் போனுக்கு மெசேஜாக அனுப்புவது எங்கள் காலேஜ் வழக்கம். நான் மதியச் சாப்பாட்டுக்கு வருவதற்குள் என் ஒன்பது கடல் தாண்டித் தம்மாமுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

போனில் அத்தா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். “அடுத்த டெஸ்ட்லயும் ஃபெயில்னு மெசேஜ் வந்துச்சுன்னா பொட்டியக் கட்டிட்டு வூட்டுக்கு வந்துரு. வர்ற வருசம் பி.காம் சேந்துக்கலாம், மாமாகிட்ட சொல்லி வச்சிட்டேன்” என்றார்.

அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அத்தா மேல், சார் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த விளக்கின் மேல். அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று துணி காயப்போடும் கொடியை அவிழ்த்து இரண்டாக அறுத்தேன். குளியலறை வாளியில் தண்ணீர் பிடித்து, ஒரு கயிறு ஏறக்குறைய செங்குத்தாக ஜன்னல் கம்பிக்கும், இன்னொன்று சாய்வாக எதிர்க்கம்பிக்கும் போகும்படித் தொங்கவிட்டோம். கீதாஞ்சலி இரண்டையும் விரலால் சுண்டிப் பார்த்தாள்.

“ஏய், நிமிந்து நிக்கிற கயிறுதான்டி வெறச்சு நிக்கிது. சாஞ்சது சும்மா சொகுசா கெடக்குது.”

கட்டும் இடத்தை மாற்றி மாற்றி, அறையெல்லாம் தண்ணீர் கொட்டி, வார்டனிடம் திட்டு வாங்கினோம். வாரம் முடிவதற்குள் சூத்திரத்தைப் பார்க்காமலே எந்தக் கயிறு அதிகம் சுமக்கிறது என்று சொல்ல வந்துவிட்டது. பிறகுதான் சூத்திரம் எனக்குப் புரிந்தது. அந்தச் சந்தோஷத்தைத் தொண்ணூற்றெட்டு மார்க் எனக்குத் தரவில்லை.

இரண்டாவது டெஸ்டிலும் அதே விளக்கு. ஆனால் படத்தில் முப்பது, அறுபது என்ற கோணங்களைக் கொஸ்டின் பேங்க்கில் உள்ளதுபோலக் கூரையிலிருந்து அளக்காமல் செங்குத்துக் கோட்டிலிருந்து அளந்திருந்தார்கள். அப்படியானால் முப்பது டிகிரிக் கயிறுதான் நிமிர்ந்து நிற்பது. பாரம் அதற்குத்தான் அதிகம். நிதானமாகப் போட்டேன்.

தாள் வந்தது. இருபத்திரண்டு. பாஸாக இருபத்தைந்து வேண்டும். பதினாறு மார்க் விளக்குக் கணக்கில் சிவப்பு மையால் பெரிய பெருக்கல் குறி. கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் எழுந்துவிட்டேன்.

“சார், என் கணக்கு சரி.”

“கிளாஸே அறுபது டிகிரிக் கயித்துக்குத்தான் பாரம் அதிகம்னு எழுதிருக்கு. ஆன்சர் கீயும் அதான். நீ மட்டும் எப்படிம்மா சரி?”

“எல்லாரும் ஒரே கொஸ்டின் பேங்க்கத்தான் உருப்போட்டுருக்கோம் சார். கீயும் அதுலேர்ந்துதான் வந்துருக்கும். கோணத்த எங்கேர்ந்து அளந்துருக்குன்னு படத்தப் பாருங்க. நம்பலன்னா தொங்க விட்டுப் பாத்துரலாம்.”

பின் பெஞ்சிலிருந்து யாரோ விசிலடித்தான். சார் முகம் சுருங்கியது, பிறகு மெல்ல விரிந்தது. “சரி, தொங்க விடு” என்றார்.

படத்தைப் பார்க்காமல் பழைய விடையையே எழுதிவிட்டு வந்திருந்த கீதாஞ்சலி, பையிலிருந்து தையல் நூலை எடுத்தாள். கரும்பலகைக்கு மேலே சார்ட் மாட்டும் ஆணிகளில் இரண்டு நூல்களைப் படத்தில் உள்ளபடியே கட்டி, நடுவில் பெரிய தண்ணீர் பாட்டிலைக் காலியாகத் தொங்கவிட்டேன். “எது மொதல்ல அறும்?” என்று சார் கேட்டார். “சாஞ்சது!” என்றது வகுப்பு. “நிமிந்தது” என்றேன் நான். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினேன்.

நிமிர்ந்த நூல் பட்டென்று அறுந்தது. பாட்டில் மற்ற நூலில் ஒரு ஆட்டம் ஆடி, அதையும் அறுத்துக்கொண்டு சாரின் ஷூ மேலேயே விழுந்தது. வகுப்பு மேசைகளைத் தட்டி அதிர வைத்தது. கீதாஞ்சலி பெஞ்ச் மேலேயே ஏறிவிட்டாள்.

சார் நனைந்த ஷூவோடு படத்தை ஒரு நிமிடம் பார்த்தார். “கீயில தப்பு. படத்த மாத்துனேன், கீய மாத்தல” என்று எல்லார் முன்னாலும் சொன்னார். என் தாளை வாங்கிப் பெருக்கல் குறியை அடித்துவிட்டு முப்பத்தெட்டு என்று போட்டார். அப்புறம் சாக்பீஸை என்னிடம் நீட்டினார். நான் கணக்கைப் போடப் போட, அறுபது பேரும் எழுதிக்கொண்டார்கள்.

சாயங்காலம் மெசேஜ் போன கையோடு அத்தா கூப்பிட்டார். “முப்பத்தெட்டுன்னு வந்துருக்கு. நெசந்தானா?”

“நெசந்தான் அத்தா. ஒரு கணக்குல கிளாஸ்ல எல்லாருக்கும் தப்பு, சாருக்கும் தப்பு. எனக்கு மட்டும் ரைட்டு.”

மறுமுனையில் அத்தா தன் அறையில் இருப்பவரைக் கூப்பிடுவது கேட்டது. “ஹாதி பாய், எந்திரிங்க! எம்மவ வாத்தியாருக்கே கணக்குப் போட்டுக் காமிச்சிருக்கா!” அவர் குரல் உடைந்திருந்தது. எனக்கும் அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

“அத்தா, அப்ப பி.காம்?” என்றேன்.

“எந்த பி.காம்?” என்றார் அத்தா.