வள்ளியாத்தாளின் ரங்கூன்

கந்தப்பன் ரங்கூன் அரிசி மில்லில் மூட்டை தூக்கினான். தோள் காய்த்தது, நாமகிரிப்பேட்டைக்கு மேற்கே ஒரு காட்டுவளவில் இருந்த அவன் மனைவி வள்ளியாத்தாளுக்கு. இது நடக்கத் தொடங்கியது 1929ஆம் வருஷம். அந்த வருஷம் கம்பு என்ன விலை விற்றது என்பதில் அந்தப் பக்கத்தில் இரண்டு பேச்சு உண்டு, இதில் இரண்டு பேச்சு கிடையாது. கடல் தாண்டிப் போகிற ஆணுக்கு, பெண்டாட்டியின் தாலிச்சரட்டிலிருந்து ஓர் இழையை உருவி அவன் அரைஞாண் கயிற்றோடு சேர்த்து முறுக்கிவிடுவது அங்கே வழக்கம். போன இடத்தில் வீட்டை மறக்காமல் இருப்பானாம். கந்தப்பனின் ஆத்தா அத்தாயிக்கு அவன் ஒரே மகன். ஒன்றே போதும் என்று மற்றவர்கள் சொல்லியும் கேட்காமல் மூன்று இழைகளை உருவி அழுத்தி முறுக்கிவிட்டாள். பிள்ளைப்பாசம் அளவு மீறினால் மருமகள் முதுகில்தான் விடியும் என்பது ஊரறிந்த சங்கதி. இங்கே தோளில் விடிந்தது.

முதலில் வலது தோள் சிவந்து கொப்பளித்தது. பிறகு தோல் உரிந்து, காய்த்து, மாட்டின் கழுத்துத் தழும்பு போல மரத்துப்போனது. சித்திரை வைகாசியில் இங்கே நிலம் வெடித்துக் கிடக்கும். அவளுடைய கால்விரல் இடுக்குகள் மட்டும் சேற்றில் ஊறிப் புண்ணாகும். ரங்கூனில் மழை பிடித்துவிட்டது என்று அக்கம்பக்கத்தார் தெரிந்துகொள்வார்கள். கந்தப்பன் காசு மிச்சம் பிடிக்க ஒரு வேளை சாப்பாட்டை நிறுத்தினான். அவள் எவ்வளவு களி தின்றாலும் பசி அடங்கவில்லை. அவன் குடித்தான், அவள் பட்டப்பகலில் கிணற்று மேட்டில் தள்ளாடினாள், பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஒரு முறை வெளியே சொல்லக்கூடாத சீக்கு ஒன்றும் வந்தது. நாமக்கல்லில் ஒரு டாக்டர் அவளை நாயை விரட்டுவதைப் போல விரட்டிவிட்டு, கடைசியில் மருந்தும் கொடுத்தார். புருஷன் ஊரில் இல்லாதவளுக்கு அந்தச் சீக்கு எப்படி வந்தது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததனால் அவளுக்கு என்ன லாபம்? அத்தாயி மட்டும் தினமும் மருமகளின் சேலையை விலக்கித் தோளைப் பார்த்து, "எம் மவனுக்கு வேல நல்லா நடக்குது" என்று திருப்திப்பட்டுக்கொண்டாள்.

இந்த விவரத்தைக் கந்தப்பனுக்குக் கொண்டுபோனவன் ராசு. பக்கத்துக் காட்டுக்காரர் மகன், கலியாணம் ஆகாதவன், மழை பொய்த்த வருஷத்தில் கப்பலேறினான். சொன்னால் கந்தப்பன் பதறுவான், வேலையைக் குறைத்துக்கொள்வான் என்று அந்தப் பாவி நம்பினான். கந்தப்பன் முழுவதையும் கேட்டுவிட்டுத் தன் தோளைத் தடவிப் பார்த்தான். வெண்ணெய் போல வழுவழுவென்று இருந்தது. "இத்தன நாளும் எனக்கு ஏன் வலிக்கலன்னு இப்பத்தான் தெரியுது" என்றான். மறுநாளிலிருந்து இரண்டிரண்டு மூட்டையாக எடுத்தான்.

மேஸ்திரி ஆகாத குறையாக அவன் புகழ் பரவியது. நம் பக்கத்து ஆட்கள் கப்பலைவிட்டு இறங்கினால் நேரே அவனிடம் போய்த்தான் யோசனை கேட்டார்கள், அவனும் சலிக்காமல் சொன்னான். "மொத நாளே பெரிய மூட்டையாப் பாத்து எடுக்கோணும், அப்பத்தான் மேஸ்திரி கண்ணுல படும். ஒரு நேரம் தின்னாப் போதும். மழைக்கு ஒதுங்காதீங்க, கொடைக்குக் காசு செலவழிக்காதீங்க. காச்சல்னு படுத்தவன அடுத்த நாளு ஆரும் கூப்புட மாட்டாங்க, பாத்துக்கங்க." ராசு அத்தனையையும் ஒழுங்காகக் கடைப்பிடித்து, அடுத்த மழைக்காலத்துக்குள் செத்துப்போனான். அதற்குப் பிறகு கந்தப்பன் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டான்: "கண்ணாலம் பண்ணாத இங்க வராதீங்க." சேதி ஊருக்கு வந்தது. அதிலிருந்து எல்லா வீட்டிலும் மூன்று இழை முறுக்கினார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் முகத்தையும் ஜாதகத்தையும் பார்த்துவிட்டு, ஒரு நெல் மூட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். பெண்ணைப் பெற்றவர்களும் ரங்கூன் மாப்பிள்ளை என்று பெருமையாகத் தூக்கச் சொன்னார்கள்.

1941 முடிகிற சமயத்தில் ரங்கூனில் குண்டு விழுந்தது. கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் மலையும் காடும் தாண்டி நடந்தே புறப்பட்டார்கள். கந்தப்பன் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தான் என்று கூட வந்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். வள்ளியாத்தாள் கட்டிலில் கிடந்தாள். பாதம் வெடித்து ரத்தம் கசிந்தது, அட்டை கடித்த தடம் தொடைவரை ஏறியது. குடம் குடமாகக் குடித்தும் நாக்கு வறண்டது. காட்டுக் காய்ச்சல் வந்து பல்லும் முடியும் கொட்டின. அந்தக் கட்டிலைச் சுற்றிப் பெண்கள் கூடினார்கள். "அந்தத் தாலிக் கயித்தக் கழட்டி எறி புள்ள, அவம்பாட்ட அவனே படட்டும்" என்றார்கள். "கழட்டுனா எம் மவன் பொட்டுனு போயிருவான்" என்று அத்தாயி மாரில் அடித்துக்கொண்டாள். ஆனால் வள்ளியாத்தாள் கழற்றாமல் இருந்தது மாமியாருக்குப் பயந்து அல்ல. "அவரு வரோணுங்க. வந்து என்னய ஒருக்கா நல்லாப் பாக்கோணும். எந் தோளத் தொட்டுப் பாத்தாப் போதும், பொறவு செத்தாலும் சரிங்க" என்றாள். அந்த ஒரு பார்வைக்காகத்தான் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கந்தப்பன் ஆடி மாதம் வந்து சேர்ந்தான். போனபோது இருந்த அதே இளந்தாரி, உடம்பில் ஒரு கீறல் கிடையாது. வள்ளியாத்தாள் கட்டிலிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்து நடந்து வந்து, சேலையைத் தோளிலிருந்து ஒதுக்கிக்கொண்டு அவன் முன்னால் நின்றாள். அவன் தன் ஆத்தாவைப் பார்த்து, "இதாரு இந்தக் கெழவி?" என்று கேட்டான். சொன்னார்கள். "ஓகோ" என்றான். பிறகு கால் கழுவத் தண்ணீர் கேட்டான். அவள்தான் மொண்டு கொடுத்தாள்.

சண்டை முடிந்து ஆட்கள் கொழும்புக்குப் போகத் தொடங்கியபோது கந்தப்பனுக்குக் கால் நிற்கவில்லை. "இவ இனித் தாங்க மாட்டா" என்று அத்தாயியே சொல்லி, அவனுடைய பழைய அரைஞாணை அறுத்து எருக்குழியில் போட்டாள். அன்று மாலை வள்ளியாத்தாளுக்கு எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது, அதற்காக அவள் அழுதாள். வசந்தாமணி என்ற பெண் இரண்டு மூட்டை தூக்கிக் காட்டினாள். கலியாணம் நடந்தது, மூன்று இழையும் முறுக்கியாயிற்று, கந்தப்பன் கிளம்பிப் போனான்.

மறுநாள் மாட்டுக் கொட்டகையில் சாணி வழித்துக்கொண்டிருந்த மூத்தவளிடம் வசந்தாமணி வந்து உட்கார்ந்தாள். "ஏனுங்க்கா, கொழும்பு எப்பிடிங்க இருக்கும்?" என்று கேட்டாள். நாமக்கல்லைத் தாண்டி எங்கும் போயறியாத வள்ளியாத்தாள் சாணிக்கையைக் கழுவிவிட்டு வந்து, நிதானமாகச் சொன்னாள்.

"கொழும்பு எனக்குத் தெரியாது சாமி, ரங்கூன்தான் தெரியும். மூட்ட எல்லா ஊர்லயும் மூட்டதான். மொத வாரம் வலது தோளு எரியும். வெளக்கெண்ணெயக் காச்சித் தடவி, பழந்துணிய நாலா மடிச்சுப் போட்டுக்க. முதுகு விட்டுப்போனா குப்புறப் படு. கெணத்து மேட்டுல ரொம்ப நேரம் நிக்காத, அந்நேரம் பாத்து அவன் குடிச்சிருப்பான். பசிச்சா நீ தின்னு பிரயோசனமில்ல, அவன் திங்கறமுட்டும் பொறுத்துக்க. டாக்டரு திட்டுனா திட்டட்டும், எதயும் வெளக்கிச் சொல்லாத, மருந்த மட்டும் வாங்கிக்க." பிறகு இதையும் சொன்னாள்: "இத்தனையும் பொறுத்தா ஒரு நாளு வந்து நம்மளப் பாப்பான்னு மட்டும் இருக்காத. நா அப்பிடித்தான் இருந்தேன்."

வியாழக்கிழமை உச்சிப்பொழுதில், சோளக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த வசந்தாமணியின் வலது தோள் சிவந்து கொப்பளித்தது. அத்தாயி சேலையை விலக்கிப் பார்த்தாள். மகன் சுகமாகக் கொழும்பு போய்ச் சேர்ந்துவிட்டான், போன கையோடு வேலையும் கிடைத்துவிட்டது என்று சொல்லி, அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் வெல்லம் கொடுத்தனுப்பினாள்.